ஏசி சத்தத்துக்கு ஒரு சத்தியம்

கோபத்தில் செய்ததை எல்லாம் நான் எளிதாக மறந்துவிடுவேன். இது நிதானமாகச் செய்தது, அதனால்தான் இன்னும் நினைவில் இருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். மலையாளத் தலைநகரில் கோட்டைக்குள் வீடு, ஊர்க்கோடியில் கழக்கூட்டத்தில் ஆபீஸ். பழைய கார் ஒன்று வாங்கியிருந்தேன். ஏசி இருக்கிறது என்பதற்காகவே வாங்கியது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாததால் களியக்காவிளைப் பக்கத்து ஆள் ஒருவனை டிரைவராக வைத்திருந்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவன். இன்றும் ‘அவர்’ என்று எழுதக் கை வரவில்லை, அன்று கூப்பிட்ட பழக்கம்.

தினமும் காலையில் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் நிறுத்தச் சொல்லி இறங்குவேன். தேங்காய்கள் சிதறும் சத்தத்துக்கு நடுவே பிள்ளையாரைக் கும்பிட்டு, வாழையிலைத் துண்டில் சந்தனமும் பூவும் வாங்கி வருவேன். நெற்றியில் இட்டுக்கொண்ட பிறகு அந்த இலையை என்ன செய்வது? பிரசாதத்தைக் கீழே போட்டு மிதிக்க முடியுமா? மடித்து, முன் சீட்டில் எனக்கு எதிரே டாஷ்போர்டில் இருந்த டிராயரின் மேல் இடுக்கில் செருகிவிடுவேன். உள்ளே விழுந்து கிடக்கும் என்று நினைப்பு. வண்டிக் காகிதங்கள் மட்டும் இருந்த அந்த டிராயரை நான் திறந்ததே இல்லை.

ஒரு நாள் ஏசியைப் போட்டதும் ‘கிர்ர்’ என்று ஆரம்பித்தது. அடுத்த வாரம் ‘கடகட’. ஆபீஸ் வழியில் ஸ்ரீகாரியம் தாண்டுவதற்குள் தலைவலி வந்துவிடும். அணைத்தால் வெந்து சாக வேண்டும்.

“ஏசிய அணைச்சி வெறும் காத்த மட்டும் வச்சாலும் சத்தம் வருது சார். உள்ள காத்தாடியில என்னமோ தட்டுது. ஒருக்கா கழட்டிப் பாக்கச் சொல்லணும்” என்றான்.

“நீ மெக்கானிக்கா?” என்றேன்.

என் ஆபீஸ் புத்தி அப்படி. முதலில் குற்றவாளியைப் பிடிக்க வேண்டும், பிறகு கோளாறைப் பார்க்கலாம். பகல் முழுக்க நான் மாடியில் இருக்கிறேன், வண்டி கீழே அவன் கையில் இருக்கிறது. ஏசி போட்டுத் தூங்குகிறான். வேறு யார்? ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி.

மறுநாள் பழவங்காடியில் அவனையும் இறங்கச் சொன்னேன். சந்நிதிக்கு முன்னால், ஆட்கள் பார்க்கவே, “நான் இல்லாதப்போ ஏசி போடலேன்னு பிள்ளையார் மேல சத்தியம் பண்ணு” என்றேன்.

இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை பிழைத்திருக்கும். அவனுக்கும் அது தெரியும். செருப்பில்லாத காலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஒரே ஒரு தடவ போட்டேன் சார். வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில ஊசி போட்டுட்டு வந்தா. பஸ் வர நேரமிருந்துது. வெயில்ல தல சுத்துதுன்னா. ஒரு அர மணிக்கூறு உள்ள இருக்க வச்சேன்.”

உண்மையைச் சொல்கிறான் என்று அப்போதே தெரிந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. ஜெயித்துவிட்டேன்.

“என் சீட்டிலயா?” என்று கேட்டேன்.

சாவியை வாங்கிக்கொண்டேன்; வண்டியைப் பக்கத்து வீட்டு டிரைவர் வந்து வீட்டில் விட்டான்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்தேன். அவர் ஏசியைத் தொடவே இல்லை. டிராயரை மொத்தமாகக் கழற்றிக் கீழே வைத்தார். அதற்குப் பின்னால், காற்றை இழுக்கும் வாய்க்குள் கையை விட்டு அள்ளி அள்ளிப் போட்டார். காய்ந்து சுருண்ட வாழையிலைத் துண்டுகள், கருகிய துளசி, தெச்சிப்பூ, பொடியாகப் போன சந்தனம். மேல் இடுக்கில் செருகியதெல்லாம் டிராயருக்குள் விழாமல் அதன் பின்பக்கமாக இறங்கி, விசிறியில் போய்ச் சிக்கியிருக்கிறது. ஏசிக்கு ஒரு கேடும் இல்லை.

“சாரே, இது ஆரு இதினுள்ளில் வெச்சது?”

என் நெற்றியில் அன்றைய சந்தனம் காயவில்லை.

“பழைய டிரைவர்” என்றேன்.

“நல்ல பக்தியுள்ள ஆளாணல்லோ” என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று மாலையே அவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம். பக்கத்து வீட்டு டிரைவருக்கு அவன் தங்கும் இடம் தெரியும். சொன்னால் சந்நிதியில் நடந்ததற்கு நான் பதில் சொல்ல வேண்டும். டிரைவர் முன்னால் தலைகுனிவதைவிட டிரைவர் இல்லாமல் இருப்பது மேல் என்று தோன்றியது. வேறு ஆளை வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அவன் பழவங்காடியில் நின்றிருந்தான். நான் எத்தனை மணிக்கு அங்கே இறங்குவேன் என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? இளைத்திருந்தான். சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். திரும்பவும் எடுத்துக்கொள்வேன் என்ற நம்பிக்கை அந்தச் சட்டையில் தெரிந்தது.

“சத்தம் போயாச்சா சார்?”

“போயாச்சு.”

“எதுல சார் கேடு?”

என் கையில் வாழையிலைத் துண்டு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டான், அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

“நிறுத்தி வெச்ச வண்டியில ஏசி போட்டா இப்படித்தான் ஆகும்” என்றேன்.

அவன் தலையாட்டினான். “அவ அப்பவே வேண்டாம்னு சொன்னா சார். நான்தான் பிடிச்சு இருக்க வச்சேன்.”

பிறகு சந்நிதியைப் பார்த்து ஒரு தடவை கும்பிட்டுவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கமாக நடந்தான். வீட்டுக்குப் போய் அவளிடம் சொல்லியிருப்பான். சார் சொன்னது சரிதான், அந்த அரை மணி நேரத்தில்தான் கேடு வந்தது என்று. அவளும் நம்பியிருப்பாள்.

நான் இலையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். புது டிரைவர் ஏசியைப் போட்டான்.