நான் வாசித்த கடதாசி

பெரியம்மாவின் இடது பெருவிரல் ரேகை சரியாக விழவில்லை. ஹட்டனில், பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசு காரியாலயத்தில், லிகிதர் அந்த விரலை மைப்பெட்டியில் அழுத்திக் கடதாசியில் ஒற்றினார். கறுப்பாக ஒரு திட்டு விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஒற்றினார். முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்த விரல். "கறைங்க ஐயா, என்ன தேய்ச்சாலும் போகாது" என்று, ஏதோ தன் தப்பு போலப் பெரியம்மா சொன்னார். மூன்றாவது தடவையோடு போதும் என்று விட்டுவிட்டார்கள். அதற்குக் கீழே சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். நன்றாக வளைத்து, அழகாகவே போட்டேன்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா, அடுத்த அறை, அவருடையது. பிள்ளைகள் இல்லை, பெரியப்பாவும் நேரத்தோடு செத்துப்போய்விட்டார். வேலையிலிருந்து நின்றபோது கைக்கு வந்ததையெல்லாம் போட்டுத் தோட்டத்துக்குக் கீழே, பஸ் பாதையோரமாக எட்டு பேர்ச் நிலம் வாங்கினார். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். அங்கே பிறக்கலாம், சாகலாம், சுவரை இடித்து ஒரு ஜன்னல் வைக்க வேண்டுமென்றால் தோட்டத்து மேலாளரான துரையிடம் கேட்க வேண்டும். "செத்தா சொந்த வாசல்லேர்ந்து தூக்கணும்டா தம்பி. வேற ஒன்னும் வேணாம்" என்பார். வீடு கட்டக் கையில் காசில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கிப்போய், அந்த வெறும் நிலத்தில் புல் பிடுங்கிவிட்டு, நாலு போஞ்சிக்கொடிக்குக் கம்பு நட்டுவிட்டு வருவார்.

நான் அப்போது ஹட்டனில் ஒரு இரும்புக் கடையில் வேலை. லொறிக்காரர்களோடும் வீடு கட்டும் பாஸ்மார்களோடும் நாள் முழுக்கச் சிங்களத்திலேயே பேச்சு. அதைப் பார்த்து லயமே எனக்குச் சிங்களம் தெரியும் என்று முடிவு கட்டியிருந்தது. பேசத்தான் தெரியும். வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கரண்ட் பில்லிலிருந்து ஆஸ்பத்திரித் துண்டுவரை என்னிடம்தான் வரும். இலக்கங்களையும் முத்திரையையும் தெரிந்த நாலு எழுத்தையும் பார்த்து, இதுவாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது.

திட்டத்து ஐயா என்று நாங்கள் கூப்பிட்ட மனிதர் அந்தச் சமயத்தில்தான் வந்தார். நம் ஆள்தான், நல்ல தமிழ். சொந்த நிலம் வைத்திருப்பவர்களுக்கு இலவசமாக வீடு கட்டித்தரும் திட்டம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். மூன்று மாதம் வந்து போனார். பெரியம்மாவின் அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டார். வீட்டு வாசல் எந்தப் பக்கம் வேண்டும் என்றுகூடக் கேட்டார். கிழக்கே பார்த்து என்றார் பெரியம்மா. அதையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

நொத்தாரிசு காரியாலயத்தில், வீடு கட்டித்தருவதற்கான ஒப்பந்தம் என்று சொல்லி, அந்தச் சிங்களக் கடதாசியை அவர் நேரே என் கையில்தான் கொடுத்தார். "தம்பி சிங்களம் தெரிஞ்சவரு. நல்லா பாத்துச் சொல்லுங்க. அம்மாவுக்குத் திருப்தியா இருக்கணுமில்ல" என்றார். பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினேன். பெரியம்மாவின் அடையாள அட்டை இலக்கம் இருந்தது, நிலத்தின் அளவாக எட்டு என்று இருந்தது. ஒரு பக்கம் திருப்பினேன், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். "சரியாத்தான் இருக்கு பெரியம்மா, வைங்க" என்றேன்.

நாலு மாதம் கழித்து அந்த நிலத்தில் யாரோ அத்திவாரம் வெட்டினார்கள். விலைக்கு வாங்கியதாகச் சொல்லி நிலத்துப் பத்திரமான உறுதியைக் காட்டினார்கள். நான் பார்த்துச் சரி என்ற கடதாசியில் பெரியம்மா நிலத்தைத் திட்டத்து ஐயாவுக்கு எழுதிக்கொடுத்திருந்தார், அவர் அதை இவர்களுக்கு விற்றிருந்தார். பொலிசுக்குப் போனோம், அங்கே இருந்தவர் அந்தக் கடதாசியின் பிரதியை வரவழைத்து என்னிடம் நீட்டி, சாட்சி நீதானே, வாசி என்று சிங்களத்தில் சொன்னார். நான் நின்றேன். பக்கத்தில் பெரியம்மாவும் நின்றார். கடைசியில் பொலிஸ்காரரே கடதாசியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பெரியம்மா ஒன்றுதான் சொன்னார். "தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற யாருகிட்டயாச்சும் காட்டியிருப்பேன்டா." பிறகு பையிலிருந்த ரொட்டியைப் பிய்த்துப் பாதியை எனக்குத் தந்தார். அதைத் தின்றேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வழக்கு வருடக்கணக்கில் போனது. திட்டத்து ஐயா அகப்படவில்லை. அவர்மேல் கோபப்படவும் இப்போது அலுப்பாக இருக்கிறது. அவர் பொய் சொல்ல வந்தவர், சொன்னார். நான் எதற்குச் சொன்னேன்? வழக்குத் திகதிக்கு வரும் சிங்களக் கடிதங்களைப் பெரியம்மா அதற்குப் பிறகும் என்னிடமே கொண்டுவந்து தந்தார். ஒன்றும் கேட்காமல் நீட்டுவார். கடைக்குப் பக்கத்தில், சிங்களம் வாசிக்கத் தெரிந்த பேக்கரிக்காரர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டி, வாசித்துக் கேட்டுவந்து சொல்வேன்.

போன வருடம் மழைக்காலத்தில் பெரியம்மாவை லயத்து வாசலிலிருந்துதான் தூக்கினோம். மறுநாள் மரணத்தைப் பதியப் போனேன். படிவம் சிங்களத்தில் இருந்தது. கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டிப் பேனாவையும் தந்தார் பதிவாளர். "எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க, நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க" என்றேன். அந்த மனிதர் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு வரியாக வாசித்தார். பெரியம்மாவின் விரலைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை ஒற்றிய நேரம்கூட அதற்கு ஆகவில்லை.