வாஷ் வேண்டாம்

நாற்பத்தெட்டு வயதில் நான் வாங்கிய முதல் கார் அது. முதல் இலவச சர்வீஸுக்காகச் செவிலிமேட்டிலிருந்து பொறுமையாக ஓட்டிக்கொண்டு போய் ஷோரூமில் விட்டேன். வண்டி கழுவும் இடத்தில் இருந்தவருக்கும் என் வயதுதான் இருக்கும். முழங்கால் வரை சுருட்டிய காக்கி பேன்ட், தோளில் தும்பைப்பூப் போல ஒரு துண்டு. எங்கள் ஊரில் பட்டுப்புடவை வாங்குமுன் புறங்கையால் தடவிப் பார்ப்பார்கள். இவரோ கார் துடைக்கும் துணியைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னங்க ஆச்சு?" என்றேன்.

"நீங்களே பாருங்கம்மா" என்று துணியை நீட்டினார். கன்னத்தில் வைத்தேன். மணல் சுருக்கென்று குத்தியது.

"டயர் தொடச்ச துணி. பானெட்டுக்கும் இதேதான். வேற துணி குடுங்கன்னு கேட்டுக்கினுதான் இருக்கறேன். புது வண்டி, கோடு கோடா வுழுந்துடும். சர்வீஸ் கார்டுல 'வாஷ் வேணாம்'னு எழுதிக் குடுத்துடுங்க."

"எல்லாரும் அப்படி எழுதிட்டா உங்க வேலை?"

"அட நீங்க வேற! ஓசியில கழுவித் தர்றத யாரும்மா வேணாம்பாங்க?" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சர்வீஸ் முடிந்து, கொண்டுபோன புழுதியோடு அப்படியே வந்தது வண்டி. முன்கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவர் அடுத்த காருக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். தோள் வெறுமையாக இருந்தது. அந்த வெள்ளைத் துண்டு, அழுக்கேறி, ஈரமாகக் குழாயில் தொங்கிக்கொண்டிருந்தது.