கப்பல்காரிக்காக ஒரு மகஜர்

என் மாமியார் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "அவன் தராசுல கைய வச்சிருக்கான், பாரு!"

கலியாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அதுவரை எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் பூனையிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "பூனைக்குட்டி, சோறு ஆறிப்போகுது." "பூனைக்குட்டி, வெளிய துணி நனையுது, எடுக்க ஆளில்ல போல." நான் ஓடிப்போய்த் துணியை எடுப்பேன். பூனை பாவம், ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. நான் பதுளை டவுனில் வளர்ந்தவள், வேதக்கார வீட்டுப் பெண். ஞாயிற்றுக்கிழமை கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில் பூசைக்குப் போவது. அவரோ பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கொழுந்து பறிப்பவர், மாரியம்மன் திருவிழாவில் முன்னால் நிற்கிற ஆள். அவருடைய ஒரே மகன் பண்டாரவளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறார். அந்த மகன் யாரையும் கேட்காமல் என்னைக் கட்டிக்கொண்டு வந்து தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் நிறுத்தினார். மாமியார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம், திருப்பிக் கொடுத்திருப்பேன். பேசாத மனுஷியோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

முதல் வருஷம் திருவிழாவுக்கு முன்னால் கோயில் கமிட்டிக்காரர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாக வந்தார்கள். அன்னதானத்துக்காக எந்த வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக்கொள்வது வழக்கம். "எங்க வீட்டுல ரெண்டு பேரு" என்றார் மாமியார். தன் பெயரையும் மகன் பெயரையும் சொன்னார். நான் குசினியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டு நின்றேன். எழுதியவர் என்னை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று நன்றாக அழுதேன். "பூனைக்குட்டி, கண்ணு ஏன் செவந்திருக்கு?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "அடுப்புப் புகை" என்று நானும் பூனையிடமே சொன்னேன்.

அன்றைக்குத்தான் மனசுக்குள் ஒன்றைக் கேட்டுக்கொண்டேன். மூன்று பேர் என்று இந்த மனுஷி வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். அது போதும் எனக்கு.

பிறகுதான் அந்தத் தொடர் வந்தது. என் கணவர் லொறியோடு போனால் இரண்டு மூன்று நாள் வரமாட்டார். நான் பசறையில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுத்துவிட்டு அந்தி பஸ்ஸில் வீடு திரும்பி, பால் விடாத சாயத்தண்ணியும் கையுமாக டிவி முன்னால் உட்காருவேன். பொழுது போகட்டும் என்று ஒருநாள் கணவர் பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்ததுதான் அது. இங்கிலீஷில் ஒரு விண்வெளிக் கதை. ஆனால் ஆட்கள் அகலத் தொப்பி போட்டுக்கொண்டு குதிரையில் போவார்கள், இடுப்பில் துப்பாக்கி தொங்கும், எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் புழுதி பறக்கும். அடிக்கடி பழுதாகிற ஒரு பழைய கப்பல். அதில் தண்ணீர்ப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு கிரகம் கிரகமாகப் போகிற ஒரு பெண் கேப்டன். அவளுக்குத் துணையாக நீளக் கோட்டுப் போட்ட, வாயே திறக்காத ஒரு நெட்டையன். முதலில் இது கார்ட்டூனாக வந்து உலகம் முழுக்க ரசிகர்களைச் சேர்த்ததாம். பிறகுதான் நிஜ ஆட்களை வைத்து எடுத்தார்கள்.

மூன்றாவது நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். திரையில் ஒரு கிரகத்து முதலாளியின் ஆள், சுரங்கத்தில் வேலை செய்தவர்களின் மூட்டைகளை நிறுத்துக்கொண்டிருந்தான். மாமியார் எப்போது திரும்பினார் என்று எனக்குத் தெரியாது. கீரைக்கட்டை அப்படியே போட்டுவிட்டு, விரலை நீட்டி, "அவன் தராசுல கைய வச்சிருக்கான், பாரு!" என்று கத்தினார்.

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான், கட்டை விரல் தராசில் எடைக்கல் தட்டின் ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தது. கதையில் அந்தத் திருட்டு இன்னும் இரண்டு பாகம் தாண்டித்தான் வெளியே வருகிறது. உலகமெல்லாம் உட்கார்ந்து பார்த்த ரசிகர்களில் எத்தனை பேர் முதல் தடவையிலேயே அதைப் பிடித்திருப்பார்களோ! முப்பது வருஷம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு முள்ளையே பார்த்து நின்ற கண்ணுக்கு அது தப்பவில்லை.

திரையில் கேப்டன் பேச ஆரம்பித்ததும், "அவ என்ன சொல்றா?" என்று கேட்டார். பூனை அங்கேயே இல்லை. என்னைத்தான் கேட்டார். நான் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்.

ஒரு வாரத்தில் எங்கள் வீட்டு முன்னறை நிறைந்துவிட்டது. வேலை முடிந்து வருகிற பெண்கள் கால் கழுவின ஈரத்தோடே வந்து உட்காருவார்கள். நான் டிவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாருக்கும் குரல் கொடுப்பேன். வில்லனுக்குத் தொண்டையைக் கட்டிக்கொண்டு பேசுவேன், குதிரை கனைத்தால் அதையும் நான்தான் கனைக்க வேண்டும் என்பார்கள். கேப்டனுக்குக் கப்பல்காரி என்று பெயர் வைத்தார்கள். நெட்டையனின் கோட்டைப் பார்த்து, "என்னடி இவன், நம்மள மாதிரி படங்கு கட்டிக்கிட்டு வர்றான்" என்று சிரித்தார்கள். கொழுந்து பறிக்கும்போது செடி கிழிக்காமல் இடுப்பில் கட்டுகிற தடித்த துணிதான் படங்கு.

"ஆகாயத்துல போறவங்களுக்குக் குதிரை எதுக்குங்க?" என்று நான் ஒருநாள் சும்மா சீண்டினேன்.

"பஸ்ஸு போகாத எடமா இருக்கும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "நம்ம ரோட்டுக்கும் ஒரு குதிரை குடுத்தா தேவல."

இந்த அக்காவுக்கு நெட்டையன் மேல் ஒரே பாசம். அவனுக்கு ஒரு கலியாணம் நடக்க வேண்டும் என்று முதல் வாரத்திலிருந்தே பிடிவாதமாக இருந்தார்.

இடையில் போனில் மற்ற ரசிகர்கள் எழுதுவதையும் வாசித்துக் காட்டினேன். பாதிப்பேர் திட்டித் தீர்த்திருந்தார்கள். கார்ட்டூனில் கேப்டன் உயரம், இவள் குட்டை. கார்ட்டூனில் தலைமுடி சிவப்பு, இது கறுப்பு. கெடுத்துவிட்டார்கள், நாசமாக்கிவிட்டார்கள் என்று ஒரே ஒப்பாரி. மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தப் பொம்மைய எனக்குக் காட்டு, பாப்போம்" என்றார். காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இது பீப்பாய் தூக்குது, வேர்க்கவே இல்லையே. நம்ம புள்ளைக்கு முதுகெல்லாம் நனைஞ்சிருக்கு. வேர்க்காதவ என்னத்த வேலை செஞ்சிருப்பா? எழுது, நான் சொன்னேன்னு எழுது."

எழுதினேன். என் மாமியார் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர், அவர் சொல்கிறார் என்று அப்படியே இங்கிலீஷில் போட்டேன். கூடவே அவர் சொன்ன இரண்டு வசவுகளை மட்டும் விட்டுவிட்டேன், அவற்றுக்கு இங்கிலீஷ் போதாது. அடுத்த நாள் பார்த்தால் எந்தெந்தத் தேசத்திலிருந்தோ பதில்கள். உங்கள் மாமியாருக்கு எங்கள் வணக்கம் என்று ஒருத்தர் எழுதியிருந்தார். "மரியாத தெரிஞ்ச ஆளுங்களும் இருக்கத்தான் செய்யிறாங்க" என்று சொல்லிவிட்டு மாமியார் அன்றைக்கு எனக்கு அவர் கையால் சம்பல் அரைத்துத் தந்தார். நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? உறைப்பில் கண்ணீர் வர வர மூன்று ரொட்டி சாப்பிட்டேன்.

கதை, கப்பல்காரி நடுவழியில் எண்ணெய் தீர்ந்து, அதே தராசுக் கிரகத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் முடிந்தது. மீதி அடுத்த வருஷம் வரும் என்று எல்லாரிடமும் சொன்னேன். பத்து நாள் கழித்து போனில் செய்தி பார்த்தேன். அடுத்த வருஷமும் இல்லை, ஒன்றும் இல்லை. தொடரை நிறுத்திவிட்டார்கள்.

நான் சொல்லவில்லை. சொன்னால் பெண்கள் வரமாட்டார்கள், டிவி அணைந்துவிடும், மாமியார் மறுபடியும் பூனையிடம் போய்விடுவார் என்று பயந்தேன். "மீதி எப்ப வரும்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "எடுத்துக்கிட்டு இருக்காங்க அத்த, கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறாங்களாம்" என்று வாய் கூசாமல் புளுகினேன். பெயின்ட் அடிக்கிற கதையை மூன்று வாரம் ஓட்டினேன்.

அதற்குள் பக்கத்து வீட்டு அக்காவின் மகள் கொழும்பிலிருந்து போன் எடுத்து விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். அன்று அந்தி நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்தபோது மாமியார் தலையைத் தூக்கவில்லை.

"பூனைக்குட்டி, படிச்சவங்களும் பொய் சொல்லுவாங்களா?"

செருப்பைக் கூடக் கழற்றாமல் அவர் முன்னால் உட்கார்ந்தேன். "பொய்தான் சொன்னேன் அத்த. படம் நின்னு போச்சுன்னு தெரிஞ்சா நீங்க என்கூடப் பேசமாட்டீங்கன்னு பயந்தேன்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் பூசைக்குப் போய்த் திரும்பினேன். முன்னறையில் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். மாமியார் நடுவில் பாயில் உட்கார்ந்திருந்தார்.

"மத்த ஊருக்காரங்க சும்மாவா இருக்காங்க?" என்று கேட்டார். என்னிடம்தான்.

"இல்ல அத்த. தொடரை நிப்பாட்டக் கூடாதுன்னு போன்ல கையெழுத்துச் சேக்குறாங்க. ஒரு எடத்துல அமுக்குனா போதும்."

"அமுக்குறதெல்லாம் மகஜரா? மகஜர் எப்படிப் போடணும்னு எங்களக் கேளு."

அவருக்குத் தெரியும். ஒரு காலத்தில் லயத்துக்கு மலை ஊற்றுப் பீலித்தண்ணீர் வராமல் போனபோது தோட்டத்து மேனேஜரான துரைக்கு மகஜர் எழுதி, முதல் கையெழுத்துப் போட்டவர் அவர். அதற்காக ஒரு வருஷம் அவரைத் தொங்கல் மலைக்கே, அந்தச் செங்குத்தான கடைசி மலைக்கே அனுப்பினார்களாம். ஆனால் தண்ணீர் வந்தது. மகஜர் என்றால் தாளில் எழுதி, ஒவ்வொருத்தரும் வீட்டு வரிசைப்படி கைப்பட ஒப்பம் வைத்து, துரை கையில் போய்ச் சேர வேண்டும். இந்தப் படத்துக்கும் ஒரு துரை இருப்பான், இருந்தே ஆக வேண்டும் என்பது அவர் கட்சி. நான் மறுக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அதில் தப்பும் இல்லை.

ஃபுல்ஸ்கேப் தாள் எடுத்தேன். அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினேன், கீழே இங்கிலீஷிலும் எழுதினேன். "முதல்ல கும்பிடு போடு. அப்பறம் காரியத்தச் சொல்லு. மெரட்டாத" என்றார்.

மேன்மை தங்கிய துரை அவர்களுக்கு, கப்பல்காரியை எண்ணெய் இல்லாமல் நடுவழியில் நிறுத்திவிட்டுப் போவது நியாயம் இல்லை. வேலை செய்கிறவளை வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு. தராசில் கை வைத்தவனுக்கு என்ன நடந்தது என்றும் எங்களுக்குத் தெரிய வேண்டும்.

"நெட்டையனுக்குக் கலியாணம்னும் ஒரு வரி போடும்மா" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"ரெண்டு மூணு கேட்டா ஒண்ணும் கெடைக்காது. ஒரு மகஜருக்கு ஒரு காரியந்தான்" என்று மாமியார் வெட்டிவிட்டார்.

இப்போதே சொல்லிவிடுகிறேன், பதில் வரவில்லை. படக் கம்பெனி விலாசத்தைப் போனில் தேடியெடுத்து, பசறைத் தபால் கந்தோரில் நானே கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் போட்டேன். விலாசத்தைப் பார்த்துவிட்டு அங்கே இருந்தவர், "வெளிநாட்டு விசாவுக்கா?" என்று கேட்டார். மகஜரைப் படம் பிடித்து ரசிகர்கள் பக்கத்தில் போட்டேன், அவர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள், அவ்வளவுதான். தொடர் திரும்பி வரவில்லை. அதனால் எங்கள் வீட்டில் ஒன்றும் நின்றுபோகவில்லை. கப்பல்காரியின் மீதிக் கதையை இப்போது நான்தான் அந்தியில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அவளுக்கு எண்ணெய் கிடைத்துவிட்டது. நெட்டையனுக்குப் பெண் பார்க்கிறோம்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எழுதி முடித்துத் தாளை மாமியாரிடம் நீட்டினேன். வீட்டு வரிசையில் எங்கள் வீடுதான் முதல். பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். அதன் கீழே மகன் லொறியோடு திரும்பியதும் கையெழுத்துப் போடட்டும் என்று ஒரு கோடு இழுத்து வைத்தார். அவர் முடித்துவிட்டார் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு அக்கா தாளுக்குக் கையை நீட்டினார்.

மாமியார் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இரு. எங்க வீட்டுல மூணு பேரு."

பேனாவை என் கையில் கொடுத்தார். என் பெயர்தான், நாலாம் வகுப்பிலிருந்து எழுதுகிற கையெழுத்துத்தான், ஆனால் அன்றைக்கு நேராக வரவில்லை. முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூனை ஜன்னலில் படுத்திருந்தது. மாமியார் அதன் பக்கம் திரும்பினார்.

"பூனைக்குட்டி, இன்னைக்கு அடுப்புகூடப் பத்த வைக்கலையே. பெறகு ஏது பொகை?"