மச்சான் அணைத்து வைத்திருந்த வெளிச்சம்

மச்சான் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த மறுநாள், அவருடைய ஊரான அக்கரைப்பற்றிலிருந்து ஓர் ஓட்டோவும் வந்தது. பின் இருக்கையில் ஆள் இல்லை. படுக்கை விரிப்பில் சுற்றிய மொனிட்டரும், பக்கவாட்டில் கண்ணாடி வைத்த ஒரு கறுப்புப் பெட்டியும், கண்ணாடிக்குப் பின்னால் தடித்த கிராபிக்ஸ் கார்டும் இருந்தன. எங்கள் கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேற வேண்டும். சாரன், சேர்ட் எல்லாம் ஒரு பையில் அடங்கிவிடும். கேம் விளையாடும் கம்பியூட்டரோடு வந்த மாப்பிள்ளையை எங்கள் தெரு அதுவரை கண்டதில்லை. மணப்பெண்ணான என் மூத்த சகோதரி, அதாவது ராத்தா, வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ கால் நிலத்தில் நிற்கவில்லை. அப்படிப்பட்ட கார்டை நான் வேலை செய்யும் கம்பியூட்டர் கடையில், பிரிக்காத பெட்டியோடுதான் பார்த்திருந்தேன்.

அது ரே ட்ரேசிங் செய்யக்கூடிய கார்டு. விளக்கின் கதிர் சுவரில் பட்டு, தரையில் விழுந்து, கண்ணாடியில் மோதித் திரும்புவதையெல்லாம் அந்தந்தக் கணத்தில் கணக்குப் போட்டுப் படமாக்குவதுதான் ரே ட்ரேசிங். அது இல்லாவிட்டால் ஈரத் தரையிலும் கண்ணாடியிலும் தெரிவது பெரும்பாலும் திரையில் ஏற்கெனவே இருப்பதன் பிரதிதான். பார்வையைக் கொஞ்சம் தாழ்த்தினால் பிரதிபலிப்பும் பாதியில் காணாமல் போய்விடும். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் கார்டுக்கு மூச்சு முட்டும், படம் ஓடும் வேகம், அதாவது ஃபிரேம், விழுந்துவிடும். அதனால் மச்சான் அதை எப்போதும் அணைத்தே வைத்திருந்தார். "ஓடுற நேரத்தில ஆரு தண்ணிக்குள்ள பாக்கிற? எனக்கு ஃபிரேம்தான் முக்கியம்," என்பார். நானும் விடமாட்டேன். "புரியாணி எடுத்து இறைச்சிய ஒதுக்கி வைக்கிற ஆள் நீங்க," என்று சீண்டுவேன். ரே ட்ரேசிங்கைப் போடலாமா வேண்டாமா என்று கடைக்கு வரும் பொடியன்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். போட்டியில் ஓடுகிறவனுக்கு வேண்டாம், நின்று பார்க்கிறவனுக்குக் கட்டாயம் வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். கடை முதலாளி அதை என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கம்பியூட்டருக்கு எங்கள் முன் ஹோலில்தான் இடம் கிடைத்தது. புதுத் தம்பதியைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் மாப்பிள்ளையின் முதுகையும் ஹெட்ஃபோனையும்தான் முதலில் கண்டார்கள். மாமி ஒருத்தி, "மாப்பிள்ளைக்குக் காது கேளாதோ?" என்று மெதுவாகக் கேட்டே விட்டாள். அன்றைக்கு ராத்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இத உங்கட உம்மாட ஊட்டுக்கே அனுப்பிடுங்க," என்றாள். மச்சானின் முகம் தொங்கிப்போயிற்று. எனக்குப் பாவமாக இருந்தது. கட்டில், அலுமாரி, தலைக்கு மேலே இருக்கும் கூரை எல்லாம் தகப்பன் சீதனமாக வாப்பா ராத்தாவுக்குக் கொடுத்தவை. அந்த வீட்டில் மச்சானுடையது என்று சொல்ல இருந்தது இந்த ஒரு பொருள்தான். வாப்பாவுக்கு முன்னால் உரத்துக் கதைக்கவும் கூசுகிற மனிதர் மச்சான். இதுவும் போனால் வந்து தங்கிப் போகும் விருந்தாளிபோல ஆகிவிடுவார். அவர் சண்டை பிடிக்கவில்லை. "ஒருக்கா இரிந்து பாருங்க. பிடிக்காட்டி நாளைக்கே அனுப்புறன்," என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து ராத்தா வந்து உட்கார்ந்தாள். நானும் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டேன். மழை பெய்து ஓய்ந்த ஒரு நகரத்தில் நடக்கும் கேம். மச்சான் வழக்கம்போல ரே ட்ரேசிங்கை அணைத்துவிட்டு, காரைப் பறக்கவிட்டு, மதில் தாவி, தன் முழுத் திறமையையும் காட்டினார். படம் வழுக்கிக்கொண்டு போயிற்று. ராத்தா கொட்டாவி விட்டாள். "தல சுத்துது," என்று எழும்பப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. கொன்ட்ரோலரை மச்சானின் கையிலிருந்து பறித்து, செட்டிங்ஸுக்குள் போய் ரே ட்ரேசிங்கைப் போட்டு, ராத்தாவின் கையில் திணித்தேன். "நீங்க சும்மா நடங்க ராத்தா. வேற ஒண்டும் செய்யத் தேவல்ல."

மச்சான் தலையில் கை வைத்தார். "இனிப் படம் இழுக்கும். எல்லாம் போச்சு."

இழுக்கத்தான் செய்தது. ஆனால் ராத்தா ஓடினால்தானே அது தெரியும்? புடவைக் கடைத் தெருவில் போகிற நடையில், ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் நின்று நின்று போனாள். தேங்கிய தண்ணீரில் பெயர்ப்பலகையின் சிவப்பு நடுங்கியது. "இஞ்ச பாருடா, செவர்ட பச்ச அதுக்குக் கிட்ட நிக்கிறவன்ட வெள்ளச் சட்டையிலயும் பட்டிரிக்கி," என்றாள். அத்தனை நாள் வாதாடிய நானே அதைக் கவனித்திருக்கவில்லை. பிறகு ஒரு கடைக் கண்ணாடிக்கு முன் சட்டென நின்றாள். "பின்னால ஆரோ குடையோட நிக்காங்க." அந்தக் கண்ணாடியைத் தவிரத் திரையில் வேறெங்கும் குடையே இல்லை. திரும்பிப் பார்க்கச் சொன்னேன். தெருவின் மறுபக்கத்தில், மஞ்சள் குடை பிடித்தபடி ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

மச்சான் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அந்தத் தெருவால் எத்தனையோ தரம் ஓடியவர், அந்தப் பெண்ணை அன்றுதான் கண்டார். "அங்கால போங்க, பாலத்துக்குக் கீழ போங்க, தண்ணிக்குள்ள பாருங்க," என்று அவர் போட்ட சத்தத்தில், வயலிலிருந்து வந்து முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த வாப்பா உள்ளே வந்துவிட்டார். மச்சானின் வாய் தானாக மூடிக்கொண்டது. வாப்பா ஈரக் காலோடு நின்று திரையைப் பார்த்தார்.

"இதயா மருமகன் அனுப்பப் போறீங்க?"

ராத்தாதான் சொன்னாள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே. "இது எங்கயும் போகாது வாப்பா. இவர் இன்னம் ஒழுங்கா ஒருக்காக்கூடப் பாக்கல்ல."

மச்சான் தன் கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.