ஒரு சாண் வால்

பீடிங் சுருளைப் பிரித்து வெயிலில் உருட்டிவிட்டுத் தொம்மை டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். திண்டிவனத்தில் செஞ்சி சாலையோரம் அவருடைய கொட்டகைக்கு முன்னால் அந்தக் கறுப்புப் பட்டை நீளமாகக் கிடக்கும். கடையில் சுருண்டே இருந்து பழகியதால் முதலில் நெளியும். வெயில் ஏற ஏற மெல்ல நிமிரும். முழுதாக நிமிரும்வரை எந்த வண்டிக்காரர் வந்து கத்தினாலும் அதை அவர் கையால் தொடுவதில்லை.

“தூங்கி எழுந்துக்கட்டும்” என்பார். “அரத் தூக்கத்துல எழுப்பனா வண்டி மேல போய்ப் படுத்துக்கும். அப்புறம் என்னாண்டதான வந்து நிப்பீங்க?”

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை, சுற்றுலா வேனோ கேரவனோ, பெட்டி போல உடம்புள்ள எந்த வண்டி ஒழுகினாலும் தொம்மையிடம்தான் வரும். அப்படிப்பட்ட வண்டிகளில் தகடும் தகடும் சேரும் மூலையை ஓர் அலுமினியச் சட்டம் மூடியிருக்கும். அதைப் பிடித்திருக்கும் ஸ்குருக்களின் தலை நனையாமல் இருக்க, சட்டத்தின் நடுவே ஓடும் காடிப் பள்ளத்தில் வினைல் பீடிங்கை அழுத்தியிருப்பார்கள். நம் பக்கத்து வெயிலில் வினைல் காய்ந்து சுருங்கும். சுருங்கினால் ஸ்குரு வெளியே தெரியும். அடுத்த மழையில் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போய்ச் சுவரில் கறையாக இறங்கும்.

பழைய பீடிங்கை உரித்துப் போட்டு, துருப்பிடித்த ஸ்குருவை மாற்றி, சிலிக்கான் பசை வைத்து, புதுப் பட்டையைச் சோப்புத் தண்ணீர் தொட்டு உள்ளே அழுத்துவது தொம்மையின் வேலை. சுத்தியல் கிடையாது. வலதுகைக் கட்டைவிரல்தான். அந்த விரல் மற்ற விரல்களை விட்டு ஒதுங்கித் தட்டையாகிப் போயிருக்கிறது. அவருடைய மனைவி அமலோற்பவமேரி வீட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்க வேண்டியிருந்தால் அந்த விரலைத்தான் தேடுவார்.

பட்டையைத் தொம்மை ஒருபோதும் இழுக்க மாட்டார். இழுத்து ஒட்டினால் ஒரு முழம் மிச்சமாகும் என்று மற்றவர்கள் இழுப்பார்கள். அது அடுத்த கோடையில் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். இவர் இழுக்காததோடு நிற்பதில்லை. கீழ் முனையில், பம்பருக்குப் பக்கத்தில், ஒரு சாண் பட்டையை வெட்டாமல் தொங்க விட்டுவிடுவார். சுருங்கச் சுருங்க அது மேலே ஏறிக்கொள்ளும். “ஒரு கோட போனதும் வாங்க, வெட்டித் தர்றேன்” என்று சொல்லித்தான் அனுப்புவார். யாரும் வருவதில்லை. அதனால் இரண்டு ஊர்களுக்கும் நடுவே கறுப்பு வால் ஆட்டிக்கொண்டு ஓடும் வண்டியைப் பார்த்தால், அது தொம்மையின் கைவேலை என்று எந்த டிரைவரும் சொல்லிவிடுவார்.

வெட்டுவது என்றாலே அவருக்கு ஒத்துவராது. கால்சட்டை வாங்கினால் நீளத்தைக் குறைக்க மாட்டார். அடியில் மூன்று மடிப்பு மடித்துக்கொள்வார். அவர் வளரப்போவதில்லை என்று யார் சொல்வது? வீட்டு மொட்டைமாடித் தூண்களில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. மாடி கட்டும் யோசனை இருக்கிறதா என்று கேட்டால், “இப்ப இல்ல. ஆனா வெட்டிட்டா எப்பவும் இல்லன்னு ஆயிடும் பாருங்க” என்பார்.

இந்த வாலுக்கு இத்தனை நாள் எதிரி இருந்ததில்லை. இந்த ஐப்பசியில் குணமதி வந்தார்.

குணமதியும் அவர் கணவர் தரணேந்திரனும் அனந்தபுரத்துப் பக்கம் மல்லாட்டை வியாபாரம் செய்யும் சமணக் குடும்பம். சினிமாப் படப்பிடிப்புகளுக்கு ஓடி ஓய்ந்த ஒரு கேரவனைக் குணமதி தன் நகையை வைத்து வாங்கியிருந்தார். கல்யாண மண்டபங்களில் பெண்ணுக்கு அலங்காரம் செய்ய ஒதுங்கிய இடம் கிடைப்பதில்லை. வண்டியை மண்டப வாசலில் நிறுத்தினால் உள்ளேயே கண்ணாடி, விளக்கு, ஏசி எல்லாம் இருக்கும் என்பது அவர் கணக்கு. “மூட்ட ஏத்தவாவது ஆவுமா பாரு” என்பது தரணேந்திரன் கருத்து. முதல் அழைப்பு விழுப்புரத்திலிருந்து வந்தது. பெண்ணின் மாமா சீனுவாசன் வந்து பார்த்தார். கண்ணாடிக்குக் கீழே, பெண் உட்காரும் இடத்தில், மூலைச் சுவர் ஊறிக் கறை படிந்திருந்தது. பட்டுப்புடவை படும் இடம். சரிசெய்தால் பார்க்கலாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வேலை முடிந்த நாளில் குணமதி சாயங்காலம் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் வந்ததும் நின்றார்.

“என்னண்ணா இது? பொண்ணு ஏர்ற வண்டிக்கு வாலு முளைச்சிருக்குது?”

“அது வால் இல்லம்மா. கையிருப்பு.”

“பொண்ணோட மாமா நாளைக்கிக் காலைல வர்றாரு. இதப் பாத்தாருன்னா பாண்டிச்சேரி வண்டியப் பேசிடுவாரு. மொத வண்டியே போச்சின்னா எங்க ஊட்டுக்காரரு இதுல மூட்ட ஏத்திடுவாரு. ஜல்தியா வெட்டி வுடுங்க.”

“ஒரு கோட போவட்டும். நானே அனந்தபுரம் வந்து வெட்டித் தர்றேன்.”

“கல்யாணம் வர்ற ஞாயித்துக்கெழமண்ணா!”

பேச்சு நீண்டது. சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் குணமதி வண்டிப் படியிலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். எலுமிச்சைச் சாதத்தை ஒரு வாய் சாப்பிடுவதும், “வெட்டுங்கண்ணா” என்பதுமாக இருந்தார். கையைக் கழுவியதும் மேஜையிலிருந்த கட்டரைத் தானே எடுத்துவிட்டார். தொம்மை இரண்டு கையாலும் வாலைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்குக் கூப்பிட வந்த அமலோற்பவமேரி இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, ஓரமாக நின்று ரசித்தார்.

தொம்மை கடைசி ஆயுதத்தை எடுத்தார். “ஏம்மா, நீங்க ஜாக்கெட்டு தைக்கக் குடுத்தா, உள்ள துணி வுட்டுத் தைக்கச் சொல்றீங்களா இல்லியா? பின்னால பிரிச்சி வுட்டுக்கலாம்னு?”

“சொல்றேன்.”

“அதான் இது.”

“அதுக்காவ அந்தத் துணிய வெளிய தொங்கவுட்டுக்கினா கல்யாணத்துக்குப் போறேன்? உள்ள வச்சில்ல தைக்கறான்!”

அமலோற்பவமேரிதான் முதலில் சிரித்தார். “இத்தினி வருசத்துல இது தோணல பாரு இந்த மனுசனுக்கு.”

“தோணாம இல்ல” என்றார் தொம்மை. குரல் இறங்கிவிட்டது. “வெளிய இருந்தாத்தான் எவ்ளோ ஏறியிருக்குதுன்னு பாக்க முடியும்.”

ஆனாலும் பம்பரின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினார். வாலை மடக்காமல், தாராளமாக ஏறி இறங்கும்படி உள்ளே நேராக விட்டார். மூடியைத் திரும்ப மாட்டினார். வண்டியின் மூலை, கம்பெனியிலிருந்து அன்றுதான் வந்தது போல இருந்தது. குணமதி கட்டரை மேஜையில் வைத்தார். தொம்மைக்கு மட்டும் அந்த இடம் காலியாகத் தெரிந்தது. கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை சீனுவாசன் வந்தார். உள்ளே மாற்றியிருந்த சுவர்ப் பலகையைத் தட்டிப் பார்த்தார். வெளியே வந்து மூலையை விரலால் தடவினார். “இப்பத்தாம்மா கல்யாண வண்டி மாரி இருக்குது. யாரு வேல?”

குணமதி தொம்மையைக் காட்டினார்.

“நீங்க வாலு வுடறவராச்சே!” என்று சீனுவாசன் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க செஞ்சதுன்னா நம்பவே முடியல, போங்க.”

வண்டி உறுதியாயிற்று. குணமதி கைகூப்பினார். தொம்மை அன்று டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு வந்தார் என்று டீக்கடைக்காரர் சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே மழை. முதல் பூசை முடிந்து மாதா கோயிலை விட்டு வெளியே வந்ததும், விழுப்புரத்தில் ஸ்குரு வாங்க வேண்டும் என்றார் தொம்மை.

“ஞாயித்துக்கெழம எந்தக் கடைய தொறந்து வச்சிக்கினு இருக்கறான்?” என்று அமலோற்பவமேரி கேட்பதற்குள் அவர் பஸ் ஏறிவிட்டார்.

மண்டப வாசலில் கேரவன் பூமாலையோடு நனைந்துகொண்டு நின்றது. குணமதி குடையோடு ஓடி வந்தார்.

“அண்ணா! ஒரு சொட்டு இல்லண்ணா. வந்து நீங்களே பாருங்க. பொண்ணு மணவறைக்குப் போயிட்டா.”

தொம்மை செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். உள்ளே பவுடரும் மல்லிகையும் மணத்தன. கண்ணாடிக்குக் கீழே குனிந்து, அந்தத் தட்டைக் கட்டைவிரலைச் சுவர் மூலையில் வைத்து மேலிருந்து கீழ்வரை இழுத்தார். விரலைப் பார்த்தார். காய்ந்திருந்தது.

“இன்னும் ரெண்டு ஊட்டுல நம்பர் வாங்கிக்கினு போயிருக்காங்க” என்றார் குணமதி. “சாப்ட்டுட்டுத்தான் போவணும், ஆமா” என்று சொல்லிவிட்டு மண்டபத்துக்குள் போனார்.

தொம்மை இறங்கி வண்டியின் பின்பக்கம் வந்தார். பந்தலுக்கு அடியில் இரண்டு வேன் டிரைவர்கள் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள்.

“பீடிங் வேல என்னா நீட்டா இருக்குது பாத்தியா?” என்றார் ஒருவர்.

“பாண்டிச்சேரில செஞ்சிருப்பாங்க” என்றார் மற்றவர். “இங்க யாரு இருக்கறாங்க, நம்ம தொம்மைய வுட்டா?”

சிரித்துக்கொண்டே இருவரும் பந்திக்குப் போனார்கள்.

தொம்மை அவர்கள் உள்ளே போகும்வரை மாலையைச் சரிசெய்வது போல நின்றார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்தார். கால்சட்டை மடிப்பில் மழைநீர் சேர, பம்பருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். இரண்டு விரலை அடியில் விட்டுத் துழாவி, கறுப்பு முனையை ஒரு விரற்கடை அளவுக்கு வெளியே இழுத்து, கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.