விட்டத்தில் ஒன்பது சாரோங்குகள்

பிள்ளை தூங்க ஏணையாகக் கட்டிய சாரோங் கைலியில், எத்தனை முறை சோப்புப் போட்டுத் துவைத்தாலும் போகாத ஒரு வாசனை உண்டு. புளித்த பாலும் பிள்ளைப் பவுடரும் விட்டத்துத் தூசியும் கலந்த வாசனை அது. இன்றைக்கும் ஈப்போவில் யார் வீட்டிலாவது பிள்ளை பார்க்கப் போனால், ஏணை என் கண்ணில் படுவதற்கு முன்பே அந்த வாசனை மூக்குக்குத் தெரிந்துவிடும். தெரிந்த அடுத்த நொடி நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். பச்சைப்பிள்ளையைப் பார்க்க வந்த இடத்தில் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனுஷியைப் பற்றி அந்த வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ! கேட்டவர்களிடம் எல்லாம் ஜலதோஷம் என்று பொய் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய்யைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

ஈப்போவிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த ரப்பர்த் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்பது பேச்சுக்குத்தான். மரம் கம்பெனிக்காரனுடையது, கொசு மட்டும்தான் எங்களுடையது. விடியுமுன்னே 'பெரட்டு' மணி அடித்துவிடும். வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டு ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போகவேண்டிய தாய்மார்கள் எல்லாரும், போகிற வழியில் 'ஆயாக்கொட்டகை'யில் பிள்ளையை விட்டுவிட்டுத்தான் ஓடுவார்கள். பலகைச் சுவரும் தகரக் கூரையுமான அந்தக் கொட்டகையில் குறுக்கே நீளமாக ஒரு விட்டம். அந்த விட்டத்தில் வரிசையாக ஒன்பது வீட்டுச் சாரோங்குகள் ஏணையாகத் தொங்கும். எங்கள் வீட்டுச் சாரோங் பச்சைக் கட்டம் போட்டது. அதில் என் தம்பி தூங்குவான்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர் லூர்து ஆயா. ஆயா என்றதும் கிழவி என்று நினைத்துவிட வேண்டாம், அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது. புருஷன் செத்துப்போய், பிள்ளைகுட்டி இல்லாமல், மரம் வெட்டும்போது சறுக்கி விழுந்து கால் வேறு விந்திப்போன பிறகு, தோட்டத்து நிர்வாகம் அவருக்குக் கொடுத்த வேலை அது. வேலை இருந்தால்தான் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இடம். அதனால் அந்த ஒன்பது சாரோங்குகளில்தான் அவருடைய கூரையும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தூங்கத் தொடங்கும்போது அதன் நெற்றியில் கட்டைவிரலால் சின்னதாக ஒரு சிலுவைக் குறி போடுவார். கோயிலுக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்ட பிள்ளைகளுக்கும் அதே குறிதான். எங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எந்தச் சாமியா இருந்தா என்ன, புள்ள நல்லா தூங்குதுலா" என்பார்.

சாரோங் விஷயத்தில் எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு தடவை விட்டத்தில் ஏறிய சாரோங், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயது வரைக்கும் வீட்டுக்குத் திரும்பாது. அழுக்கானால் ஆயாவே துவைத்து ஆயாவே கட்டுவார். தாய் தன் கையால் அதை அவிழ்த்து எடுத்துப்போனால், இனிமேல் என் பிள்ளை இங்கே வராது என்று பொருள். வாயால் சொல்ல வேண்டியதே இல்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. வாய் கொஞ்சம் நீளம். லயத்தில் எனக்கு 'லவுட் ஸ்பீக்கர்' என்று பட்டப்பெயரே இருந்தது. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அன்று எனக்குப் பள்ளி விடுமுறை. மத்தியானம் பால் நிறுத்துப் போட்டுவிட்டு அம்மா கொட்டகைக்கு வந்தபோது நான் படியில் உட்கார்ந்து ரப்பர்க்கொட்டை விளையாடிக்கொண்டிருந்தேன். தம்பிக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. சாரோங் முழுக்க நாறடித்து வைத்திருந்தான். லூர்து ஆயாவோ முந்தினநாள் வெந்நீர் கொட்டிக்கொண்டு வலக்கையில் கட்டுப் போட்டிருந்தார். "அங்கயே போட்டுட்டுப் போங்க, நான் அலசிடுறேன்" என்று அவர் சொன்னதற்கு, "கையில கட்ட வச்சுக்கிட்டு இதையா தொவைப்பீங்க? நானே கொண்டுபோறேன் ஆயா" என்று சொல்லி அம்மா சாரோங்கை அவிழ்த்தார். அவ்வளவுதான் நடந்தது. இரக்கப்பட்டு எடுத்தார். இடுப்பில் பிள்ளை, கையில் சுருட்டிய சாரோங், நாற்றத்துக்கு முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

எதிரே சின்னப்பொண்ணு அக்கா வந்தார். எங்கள் அடுத்த வீடு. "என்னக்கா?" என்று கேட்டார். அம்மாவுக்கு நின்று பேச ஏது நேரம்? கையை மட்டும் வீசிக் காட்டிவிட்டு நடந்தார். சின்னப்பொண்ணு அக்கா அம்மா கையிலிருந்த சாரோங்கைப் பார்த்தார். திருப்பியிருந்த முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், தன் பிள்ளையின் சிவப்புச் சாரோங்கை அவிழ்த்தார். ஆயா, "ஒங்களுதும் தொவைக்கவா? அது சுத்தமாத்தானே இருக்கு" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அக்கா சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் விட்டத்தில் இரண்டு இடம் காலியாக இருப்பதைக் கண்டார்கள். அவர்களும் அவிழ்த்தார்கள். அதற்கப்புறம் வந்தவர்களுக்கு யோசிக்க என்ன இருக்கிறது? படியில் உட்கார்ந்து நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது சாரோங்கும் போனபோது என் ஆட்டம்கூட முடிந்திருக்கவில்லை.

அதுவரைக்கும் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. காரணம் எல்லாம் மறுநாள்தான் வந்தது. அதுவும் எப்படி வந்தது என்கிறீர்கள்! பைப்படியில் வாளி வைத்துவிட்டு நின்றவர்கள் ஆளுக்கொரு கை போட்டார்கள். தூங்குகிற பிள்ளை நெற்றியில் எதையோ எழுதுகிறாள் என்றார் ஒருவர். பெறாதவள் கை பிள்ளைக்கு ஆகாது என்றார் இன்னொருவர். கையில் வெந்நீர் கொட்டியது சாமி கொடுத்த தண்டனை என்று மூன்றாமவர் முடித்துவைத்தார். "நெருப்பில்லாம பொகையுமா?" என்று எல்லாரும் தலையாட்டினார்கள். முந்தினநாள் வரைக்கும் அந்தக் கட்டைவிரலுக்குத் தங்கள் பிள்ளையின் நெற்றியைக் காட்டிக் கொடுத்தவர்கள்தான் இத்தனை பேரும்.

பச்சைச் சாரோங் இரவெல்லாம் அடுப்படிக் கொடியில் காய்ந்து, காலையில் மடித்து அம்மாவின் கையில் இருந்தது. தம்பியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போகத்தான் கிளம்பினார். வாசலில் நின்று பார்த்தால், ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. பெரிய பெண்பிள்ளைகளின் இடுப்பில் கைக்குழந்தைகளை ஏற்றிவிட்டுத் தாய்மார்கள் பெரட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அம்மா தம்பியை இறக்கி என் இடுப்பில் வைத்தார்.

"அம்மா, நீங்கதானே மொதல்ல எடுத்தீங்க? தொவைக்கத்தானே எடுத்தீங்க?" என்றேன்.

"எட்டு வீட்டுக்காரங்க எடுத்திருக்காங்க. எட்டுப் பேரும் பைத்தியமா? ஏதாவது இருக்கும்லா. ஊரோட ஒத்துப் போவணும். நீ வாய மூடிக்கிட்டுப் புள்ளயப் பாரு."

தன்னைப் பார்த்துத்தான் அந்த எட்டுப் பேரும் எடுத்தார்கள் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் இருக்கும் என்று ஒருநாள் நினைப்பேன், இல்லை என்று மறுநாள் நினைப்பேன். இத்தனை வருஷமாக இதே பிழைப்பு.

பிள்ளை இல்லாத கொட்டகைக்கு ஆயா எதற்கு என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியார் கேட்டார். ஒரு வாரம் தவணை கொடுத்தார். அந்த ஒரு வாரமும் லூர்து ஆயா காலையில் வழக்கம்போலக் கொட்டகையைத் திறந்தார், கூட்டினார், பால் போத்தல்களுக்கு வெந்நீர் வைத்தார். மூன்றாவது நாள் தன் சாரோங் ஒன்றை விட்டத்தில் கட்டி, வெறும் ஏணையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டப்பகலில் ஏணைக் கயிறு 'கிரீச் கிரீச்' என்று கேட்கும். நாங்கள் பிள்ளைகள் அதற்கும் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தோம். கொட்டகையைக் கடக்கும்வரை மூச்சு விடக் கூடாது; விட்டால் ஆயாவின் கெட்ட காற்று உள்ளே போய்விடும். அந்தக் கொட்டகையில்தானே நாங்கள் எல்லாரும் வளர்ந்தோம்! இருந்தும் ஓடினோம். நானும் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் மூக்கையும் பொத்திக்கொண்டு ஓடினேன்.

ஐந்தாவது நாள் சாயங்காலம் ஆயா பைப்படிக்கு வந்தார். வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அம்மா வாளியோடு நடுவில் நின்றிருந்தார், நான் பக்கத்தில். ஆயா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. நேராக என் முன்னால் வந்து, விந்தும் காலோடு சிரமப்பட்டுக் குனிந்தார்.

"பாப்பா, நீ அன்னைக்குப் படியிலதானே உக்காந்திருந்த? ஒங்கம்மா தொவைக்கத்தான எடுத்துட்டுப் போனாங்க? நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. நீ சொல்லு கண்ணு. ஒரு வார்த்த சொல்லு."

எட்டு முகங்கள் என்னைப் பார்த்தன. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். திறந்தால் தெரியும் சேதி என்று அந்தப் பார்வைக்கு நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். சொன்னால் அம்மாவால்தான் இத்தனையும் என்று ஊரே அம்மாவைப் பிடித்துக்கொள்ளும் என்று பயம். அதைவிட, மூச்சடக்கி ஓடும் கூட்டத்தில் நாளைக்கு என்னைச் சேர்க்க மாட்டார்களே என்ற பயம் பெரிது. வெட்கத்தைவிட்டு உண்மையைச் சொன்னால் இதுதான். ஊருக்கே கேட்கிற அந்த 'லவுட் ஸ்பீக்கர்', "எனக்குத் தெரியாது ஆயா" என்று முணுமுணுத்தது.

ஆயா என் கன்னத்தைத் தொட்டார். "சரி கண்ணு" என்றார். அவர் திட்டியிருந்தால் நான் எப்போதோ மறந்திருப்பேன்.

தோட்டத்து லோரி டவுனுக்குப் போகிற நாளில், டிரைவர் பக்கத்து இடத்தில், மடியில் ஒரு தகரப்பெட்டியோடு அவர் ஏறிக்கொண்டார். ஹுத்தான் மெலிந்தாங்கில் மீன் காயப்போடுகிற தங்கச்சி இருக்கிறார் என்று பேச்சு. லயத்து வீடுகளில் ஆள் இருந்தும் கதவு எல்லாம் ஒருக்களித்துக் கிடந்தது. அம்மா கதவில் கை வைத்தார். எதிர்வீட்டைப் பார்த்தார். எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. கையை எடுத்துவிட்டார். எதிர்வீட்டு அக்காவும் உள்ளே நின்று எங்கள் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். லோரி போகும்போது ஆயா, காலையில் சாரோங்குகளைச் சரிபார்ப்பதுபோல, ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, தம்பிதான் பள்ளிக்கூடம். லயத்தில் இன்னும் நான்கு பெண்பிள்ளைகளுக்கும் அதே கதி. பிறகு வேறு தோட்டத்திலிருந்து ஒரு புது ஆயாவைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாள் யாரும் போகவில்லை. மூன்றாம் நாள் யாரோ ஒரு சாரோங்கைக் கட்டிவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் விட்டத்தில் ஒன்பதும் தொங்கின.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. ரப்பரை வெட்டிச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை போட்டார்கள், லயத்தை இடித்தார்கள், சனம் ஜெலாப்பாங், தஞ்சோங் மாலிம் என்று பிழைப்பைத் தேடிச் சிதறிப்போனது. கல்யாண வீடுகளில் பழைய அக்காமார்களைப் பார்க்கும்போது நானாகவே அந்தப் பேச்சை எடுப்பேன். "பாவம்லா அந்தம்மா" என்பார்கள் எல்லாரும். அதற்கப்புறம் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: "எல்லாரும் எடுத்துட்டாங்க, நான்தான் கடைசியா எடுத்தேன்." சின்னப்பொண்ணு அக்காவும் அதையேதான் சொன்னார், கண்ணில் தண்ணீரோடு. பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. இதுவரை ஆறு பேரைக் கேட்டுவிட்டேன். ஆறு பேரும் கடைசி.

போன மாதம் தம்பி காரில் அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு அந்த வழியாக வந்தான். கொட்டகை இருந்த இடத்தில் செம்பனைகளுக்கு நடுவே ஒரு துண்டு சிமெண்டுத் தரை மட்டும் கிடந்தது. தம்பி காரை நிறுத்தினான். எண்பது வயது அம்மா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாரும் எடுத்துட்டாங்க. நான்தான் கடைசி" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லம்மா. நீங்கதான் மொதல்ல. இவன் சாரோங்க நாறடிச்சான், நீங்க தொவைக்க எடுத்தீங்க. நான் படியில உக்காந்து பாத்தேன்" என்றேன். வயதான தாயிடம் இப்படிப் பேசலாமா என்று தம்பி என்னை முறைத்தான்.

அம்மா சிமெண்டுத் தரையிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்குப் பைப்படியில அவங்க கேட்டப்ப, நீ ஏன்டி தெரியாதுன்னு சொன்ன? எனக்கு வாய் வரல. நீ சொல்லிருவ, சொல்லிருவன்னு நான் ஒன் வாயத்தான்டி பாத்துக்கிட்டு நின்னேன்."

தம்பி காரைக் கிளப்பினான். சிமெண்டுத் தரை கண்ணைவிட்டு மறைந்து, செம்பனைகளும் முடிந்து, பெரிய ரோடு வந்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.