மூன்று வேம்பும் ஒரு குழாய் ரத்தமும்

ரத்தப் பரிசோதனை நிலையம் என்றால் எல்லாரும் ஊசியைத்தான் நினைப்பார்கள். என் வேலை, ரத்தக் குழாயில் பெயர் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் கொண்டுபோவது. பங்குனி பிறந்தால் என்னைப் போலவே தும்மத் தொடங்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

வெறும் வயிறு

ஒரு பங்குனிக் காலையில் நிலையத்தில் இருந்தவர்கள்: நான், ரத்தம் எடுக்கும் செல்வி, வானூர்ப் பக்கத்து விவசாயி ஏழுமலை, மூச்சு இழுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி காமாட்சி, பக்கத்து வீட்டு பிலோமினா. ஐந்து பேர். காமாட்சியின் இழுப்புக்கு பிலோமினா வீட்டு வாசலில் பூத்திருக்கும் மூன்று வேம்புதான் காரணம் என்பது ஏழுமலையின் கட்சி. ஒவ்வாமைச் சோதனையும் அப்படியே சொன்னால் பிலோமினா மூன்றையும் வெட்டிவிடுவதாகப் பேச்சு.

காமாட்சி முந்தின இரவிலிருந்து பட்டினி. "இதுக்குச் சாப்பிட்டே வரலாமேம்மா" என்றாள் செல்வி. பிலோமினா தன் பையிலிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

"சண்டை மரத்துக்குத்தான்டி. உன் வயித்துக்கு இல்ல, துன்னு."

பூங்கிளை

ரத்தம் எடுத்து முடிந்ததும் ஏழுமலை பையிலிருந்து பூவோடு ஒரு வேப்பங்கிளையை எடுத்து, அதையும் பெட்டியில் வைக்கச் சொன்னார். எல்லா மரத்துப் பூந்தூளும் சோதிக்கும் இடத்திலேயே இருக்கும் என்று செல்வி விளக்கினாள். அவர் விடாமல் கிளையை என்னிடம் நீட்டினார். பெட்டியில் இடமில்லை என்று தரையைப் பார்த்தபடி சொன்னேன்.

"அவங்க வெச்சிருக்கிறது வேற ஊரு வேம்பு பெரியவரே. இவள தும்ம வெக்கிறது இந்த வேம்பு" என்றார் ஏழுமலை என்னிடம்.

முடிவு வந்த நாள்

மூவரும் மறுபடி வந்தார்கள். செல்வி படித்தாள்: வேம்பு ஒன்றும் செய்யவில்லை; சவுக்குதான், அதுவும் மிக அதிகம். ஏழுமலை வீட்டின் மூன்று பக்கமும் அவருடைய சவுக்குத் தோப்பு.

பிலோமினா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். இடையில் ஒரு சாயங்காலம் காமாட்சி மூச்சுக்குத் திண்டாடியதைப் பார்த்து, முடிவுக்குக் காத்திராமல், அவள் ஜன்னலுக்கு நேராக இருந்த வேம்பை அவரே ஆள் வைத்து வெட்டிவிட்டாராம். "ஊட்டோரத்து சவுக்க நாளைக்கே எடுத்துடறேன்க்கா" என்றார் ஏழுமலை.

"எடு. மொதல்ல இவள டாக்டர்கிட்ட காட்டு. மரத்தையே பாத்துக்கினு இருக்காத."

ரத்தம் உண்மையைச் சொல்லிவிடுகிறது, அது விழுப்புரம் போய் முடிவு திரும்பும் வரைதான் மனிதர்களுக்குப் பொறுப்பதில்லை. மூன்று வேம்பில் மிச்சம் இரண்டு.